மொட்டைத் தலை, முழங்கால், இரண்டு முடிச்சு

கல்லூரியில் எனக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் என் காது கொஞ்சம் கூர்மை. உடற்கூறியல் துறையின் காட்சியறையில் இருநூற்று நாற்பது ஜாடிகள் இருக்கின்றன. இதயம், ஈரல், கை, கால் என்று எல்லாம் ஃபார்மலினில் நிற்க, ஒவ்வொன்றின் நெற்றியிலும் என் கையெழுத்தில் ஒரு லேபிள். நான் எழுதி ஒட்டிவிட்டால் அது கல்வெட்டு, அதில் தப்பே வராது என்று பேச்சு. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். நான் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

துறைத் தலைவருக்கும் ஒரு பெயர் உண்டு. மொட்டை சார். யார் வைத்தார்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. காட்சியறை டியூப்லைட் முழுநீளத்துக்கு அவர் தலையில் தெரியும். நல்ல மனிதர். ஆனால் பரீட்சைக்கு விடைப்பட்டியல் தயாரிக்கும்போது ஜாடிக்குள் பார்க்க மாட்டார், லேபிளைத்தான் பார்ப்பார். "நீங்க எழுதினதுக்கு அப்புறம் எனக்கு எதுக்குங்க கண்ணு?" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பதினாலாம் ஜாடியும் பதினைந்தாம் ஜாடியும் முழங்கால் மூட்டுகள். உடல்தானம் செய்த ஒரே மனிதரின் இரண்டு முட்டிகள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது என்பது விதி. முட்டிச் சில்லை எடுத்துவிட்டு, மூட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும் இரண்டு நார்களும் தெரியும்படி சுத்தம் செய்து, மீன்பிடிக்கிற நைலான் நரம்பால் கண்ணாடித் தகட்டில் கட்டி நிறுத்தியது நான்தான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் திரவம் கலங்கவில்லை.

ஜாடிக்குள் போவதற்கு முன்னால் இவை தொட்டியில் மாதக்கணக்கில் ஊறும். காகிதச் சீட்டுக் கட்டினால் கரைந்துவிடும், மை ஓடிவிடும். அதனால் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எலும்பில் ஒரு நூலைக் கட்டிவிடுவோம். வலது என்றால் ஒரு முடிச்சு, இடது என்றால் இரண்டு. ஜாடியில் ஏற்றியபிறகு அந்த நூலை யாரும் பார்ப்பதில்லை. எலும்புக்குப் பின்னால் சுவர்ப் பக்கமாகக் கிடக்கும். லேபிள் வந்தபின் முடிச்சுக்கு என்ன மரியாதை?

இனி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. நாற்பத்தொரு வயதில் அவள் படிக்கக் கிளம்பியது என் யோசனை இல்லை. பதினோரு வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தில் கைகால் பிடித்துவிடும் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்குப் பதினெட்டு முட்டி கைக்கு வருமாம். இனிமேல் பிசியோதெரபி உதவியாளர் சான்றிதழ் இருந்தால்தான் ஆளைத் தொடலாம், இல்லாவிட்டால் சலவைப் பிரிவுக்குப் போ என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். காட்சியறையில் என்னை 'அண்ணி' என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். "சரிங்க மேடம்" என்றாள். அந்த மேடத்தை அவள் இழுத்த இழுப்பில் ஒரு வண்டியே நகர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒரு மார்க்ல போச்சு அண்ணி."

"எதுல?"

"ஸ்பாட்டர்ல. இருபதுக்குப் பத்து வேணும். ஒன்பதுதான்."

ஸ்பாட்டர் என்றால் இருபது மேசை, இருபது ஜாடி. லேபிளை நான் காகிதம் ஒட்டி மறைத்து வைத்திருப்பேன். மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, என்ன உறுப்பு, எந்தப் பக்கத்தது என்று எழுத வேண்டும். பக்கம் தப்பினால் மார்க் இல்லை.

"எதைத் தப்பா எழுதின?"

"தப்பா எழுதலை. பதினாலாம் ஜாடி. இடதுன்னு எழுதினேன். வலதாம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை என்று சொன்னால் பொய். அடக்கப் பார்க்கவே இல்லை.

இவளுக்கு வலது இடது தெரியாது என்பது எங்கள் வீட்டில் ஊறிப்போன வேடிக்கை. அதைவிடப் பழையது அலமாரிச் சாவி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தபோது, இரும்பு அலமாரியின் சாவி காணாமல் போனது. உள்ளே இவளுடைய சான்றிதழ்கள். ஏதோ ஒரு படிப்புக்கு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் சாவி அகப்படவில்லை, மனுவும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து இவள் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தது. "நான்தான் எங்கயாவது போட்டிருப்பேன் போல" என்று இவளே ஒப்புக்கொண்டாள். அந்த வாரமே தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் எது தொலைந்தாலும் இவள் பெயரைத்தான் சொல்வோம். அந்தச் சாவியைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அது பிறகு வரும்.

"பன்னெண்டு வருஷமா எல்லாரும் வலதுன்னு எழுதி மார்க் வாங்கறாங்க" என்றேன். "உனக்கு மட்டும் அந்த முட்டி காலை மாத்தி வச்சு நிக்குதா? சாவியைக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டு ஊரெல்லாம் தேடினவதானே நீ."

"எல்லாரும் சீனியர் நோட்டைப் பாத்து எழுதறாங்க அண்ணி. 'பதினாலு வலது, பதினஞ்சு இடது'ன்னு பாட்டு மாதிரி மனப்பாடம். எனக்கு அந்த நோட்டைக் குடுக்க யாரும் இல்லை. நான் முட்டியைப் பாத்து எழுதினேன்."

"அப்போ என் லேபிள் தப்புங்கற?"

"நான் அப்படிச் சொல்லலை." கொஞ்சம் விட்டு, "முட்டி சொல்லுது" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கரண்டியைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் ஆபத்து.

அவள் தன் வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளிலும் கையை விட்டுக் காட்டினாள். "இப்படிப் பையில கை விட்டா விரல் எப்படி உள்பக்கமா, கீழ சாயுதோ, மூட்டுக்குள்ள முன்னாடி இருக்கற நாரும் அப்படித்தான் சாயுமாம். இல்லத்துக்கு வர்ற டாக்டர் சொன்னாரு. வலது முட்டி வலது கை மாதிரி, இடது முட்டி இடது கை மாதிரி. பரீட்சையில நான் பையில கை விட்டதும், பிட்டு வச்சிருக்கேனான்னு வந்து தடவிப் பாத்தாங்க. மானமே போச்சு."

தண்ணீர் குடிக்க வந்த என் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் பஸ் டிரைவர். ஆபத்தான இடத்தில் நிறுத்தக் கூடாது என்று தெரிந்தும் நிறுத்திவிட்டார். "பன்னெண்டு வருஷத்துச் சாவிக்கும் இந்தப் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற மாதிரி பேசாதீங்க."

"முழங்காலுக்கு முடிச்சுப் போடறதுதான் என் உத்தியோகம்" என்றேன். தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நாலு மணிக்கு மார்க் பட்டியலை மூடிடுவாங்க. லேபிளே வலதுன்னு இருக்கறப்ப நான் என்னன்னு போய்க் கேக்கறது? அடுத்த வருஷம் மறுபடி உக்கார என்னால ஆகாது அண்ணி. இடதுன்னு எழுதினேன், அடிச்சுட்டு வலதுன்னு எழுதினேன், அதையும் அடிச்சுட்டு இடதுன்னு எழுதினேன். என் கண்ணை நான் நம்பினா இப்படித்தான் ஆகும். துணி துவைக்கறதும் வேலைதானே."

அவள் அழுதிருந்தால் நான் இரண்டு திட்டுத் திட்டி அனுப்பியிருப்பேன். அழவில்லை. வாசல்வரைக்கும் போய்த் திரும்பிக் கேஸ் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே காட்சியறையைத் திறந்தேன். நல்ல எண்ணத்தோடு என்று நினைக்க வேண்டாம். அவள் தப்பு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்து, சாயங்காலம் வகுப்புக்கு வரும்போது முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் போனேன்.

பதினாலாம் ஜாடியை இறக்கினேன். கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, முட்டி கண்ணாடியைப் பார்க்கும்படி ஜாடியை வைத்து, பக்கத்தில் நானும் கண்ணாடியைப் பார்த்து நின்றேன். இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டேன். கண்ணாடியில் நாங்கள் இருவரும், ஒரே திசையில், போட்டோவுக்கு நிற்பது போல.

முன் நார் வலப்பக்கமாகக் கீழே சாய்ந்திருந்தது. என் வலது கையைப் பார்த்தேன். பொருந்தவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முட்டி என் இடது கையோடுதான் உறவு கொண்டாடியது.

ஜாடியைத் திருப்பினேன். பன்னிரண்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகு. டார்ச் அடித்தேன். எலும்புக்குப் பின்னால், பழுப்பேறிய நூலில், இரண்டு முடிச்சு.

பதினைந்தை இறக்கித் திருப்பினேன். ஒன்று.

ஸ்டூலில் இருந்த ஜாடியை மேசைக்கு மாற்றிவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடுங்க" என்று முதலில் அந்த இரண்டு முட்டிகளின் சொந்தக்காரரிடம் சொன்னேன். தன் உடம்பையே எழுதிக் கொடுத்த மனிதர். எந்தக் கால் எது என்று சரியாகச் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

எப்படி நடந்தது? நான் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுகிறவள். திரவம் மாற்றியது, மூடி ஒட்டியது, யார் வந்தார்கள், யார் என் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை என்பது வரை. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். 'முழங்கால் மூட்டு இரண்டு. லேபிள் ஒட்டியது.' ஓரத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி: 'போன் ஐந்து முறை. சாவி!'

அந்த நாள் முழுவதுமாக நினைவுக்கு வந்தது. பசை தடவிய இரண்டு லேபிள்களும் மேசையில். அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், வீட்டிலிருந்து போன் என்று. கையுறையைக் கழற்றிவிட்டு ஓடுகிறேன். நாத்தனார். "அண்ணி, அந்த அலமாரிச் சாவி..." "வேலையா இருக்கேன்!" வைத்துவிடுகிறேன். மறுபடி போன். மறுபடி கையுறை. ஐந்து தடவையும் அவள் 'சாவி' என்பதைத் தாண்டிப் பேச நான் விடவில்லை. ஐந்தாவது தடவை திரும்பி வந்தபோது எனக்கிருந்த கோபத்தில், கைக்கு வந்த லேபிளை எதிரில் இருந்த ஜாடியில் அறைந்தேன். அன்று நான் முட்டியையும் பார்க்கவில்லை, முடிச்சையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கோட்டைக் கழற்றியபோது பையில் கிணுகிணு என்றது. சாவி. காலையில் அலமாரியைப் பூட்டிவிட்டு நான்தான் போட்டிருக்கிறேன். மனுவுக்குக் கடைசி நேரம் தாண்டியிருந்தது. உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் நான் அவளை வீடே அதிரத் திட்டி முடித்திருந்தேன். திட்டிய வாயால் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் வைத்திருந்து, அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இதுதான் எனக்கு மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

இப்போது என் கையில் லேபிள் சுரண்டும் தகடு இருந்தது. பத்து நிமிஷ வேலை. இரண்டையும் பெயர்த்து, மாற்றி ஒட்டிவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் சரியாகப் படிப்பார்கள். கல்வெட்டு கல்வெட்டாகவே இருக்கும். ஒரே ஒருத்தி மட்டும் சலவைக்குப் போவாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஜாடிக்குள் ஒழுங்காகப் பார்த்த ஒரே ஒருத்தி. ஒரு சாவியை மறைத்து ஏற்கெனவே ஒரு தடவை அவள் படிப்பைக் கெடுத்தாயிற்று. இன்னொரு தடவையா? தகட்டை இழுப்பறையில் போட்டுச் சாத்திவிட்டு மொட்டை சார் அறைக்குப் போனேன்.

மேசையில் அவரே எழுதிய செய்முறைக் கையேடு கட்டுக்கட்டாக இருந்தது. அட்டையில் படம், பதினாலாம் ஜாடி.

"சார், பதினாலாம் ஜாடி லேபிள் தப்பு. இடது முட்டியை வலதுன்னு ஒட்டியிருக்கு."

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"சும்மா இருங்க. நீங்க ஒட்டினது எப்படித் தப்பாகும்? கல்வெட்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் மேல் வைத்த நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போன் வந்ததைச் சொன்னேன், மாறிப்போனதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, குரலை இறக்கினார்.

"மாலை வகுப்புல ஒரு மார்க்ல போன அந்த அம்மா உங்க நாத்தனார்தானே? பாருங்க, சொந்தம்னா மனசு இளகறது சகஜம்..."

"நாத்தனாருக்காக மனசு இளகற அண்ணியை நீங்க எங்க சார் பாத்திருக்கீங்க?"

அவருக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்திருக்க வேண்டும். கையேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே வேறு வழியில் வந்தார். "சரி, தப்பாவே இருக்கட்டும். மெதுவா மாத்தி ஒட்டிடுங்க. அடுத்த பதிப்புல நானும் மாத்திக்கறேன். பழசை எதுக்குக் கிளறணும்?"

அரை மணிக்கு முன்னால் நான் நினைத்ததேதான். அடுத்தவர் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. எனக்கு வந்ததே கோபம்! பாதி அவர்மேல், பாதி என்மேல். பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"எழுந்திருங்க சார். பையில கை விடுங்க."

"என்ன?"

"கோட்டுப் பையில கை விட்டுக்கிட்டு என்கூட வாங்க."

அவர் வந்தார் என்பதுதான் ஆச்சரியம். கண்ணாடிக்கு முன்னால் ஜாடிக்கு அந்தப் பக்கம் அவரை நிறுத்தி, இந்தப் பக்கம் நான் நின்றேன். தரை துடைக்க வந்த அம்மா எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் நடைபாதையையே இரண்டாம் தடவை துடைக்கப் போய்விட்டாள். மொட்டை சார் தன் வலது கையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். காது சிவந்தது.

"இருபது வருஷமா இதை நான் பாடம் நடத்தறேன்" என்றார் மெதுவாக. "வகுப்புக்கு வெளியில ஒரு முட்டியைக்கூடத் தொட்டதில்லை."

ஜாடியைத் திருப்பி டார்ச் அடித்துக் காட்டினேன். அவர் குனிந்து ஜாடிமேல் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார். டியூப்லைட் அவர் தலையில். தலைக்கு அந்தப் பக்கம் முழங்கால். நடுவில் என் இரண்டு முடிச்சு. உதட்டை எவ்வளவு கடித்தும் எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லிடுங்க. நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார், நிமிராமல்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இந்த வருஷம் அந்தக் கேள்விக்கு வலது என்று எழுதியவர்களுக்கும் மார்க், இடது என்று எழுதியவருக்கும் மார்க். எழுதியவர் ஒருவர்தான். திருத்தத்துக்குக் காரணம் என்று என்ன போடுவது என்று சார் தயங்கினார். நானே பேனாவை வாங்கி எழுதினேன்: 'பதினான்காம், பதினைந்தாம் ஜாடிகளின் லேபிள்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக மாறியிருந்தன. இது லேபிள் ஒட்டிய என் பிழை.' மூன்றரை மணிக்கு அறிவிப்புப் பலகையில் நானே குத்தினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. "டேய், கல்வெட்டுலயே எழுத்துப் பிழைடா!" சுருக்கென்றது. என் காது கூர்மை என்று முன்பே சொன்னேன்.

ஐந்து மணிக்கு நாத்தனார் வந்தாள். காட்சியறைக்குள்ளேயே "அண்ணி" என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.

"பாஸ் போட்டிருக்கு."

"தெரியும். நான்தானே எழுதினேன்."

"உங்க பிழைன்னே எழுதியிருக்கீங்க." அவளுக்கு நம்ப முடியவில்லை. புது லேபிள்களைத் தொட்டுப் பார்த்தாள். "எப்படி அண்ணி மாறிச்சு?"

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். ஓரத்தில் இருந்ததைப் படித்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நான் போன் பண்ணதாலதான் மாத்தி ஒட்டிட்டீங்களா? என்னாலதானா?"

பாருங்கள், அவ்வளவு சுலபமாகப் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிவிப்புப் பலகையில் எழுதியதைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கே நான் செய்தது தப்பு. இது தப்பு இல்லை, அநியாயம்.

"இல்ல" என்றேன். "சாவி என் கோட்டுப் பையிலதான் இருந்துச்சு. சாயங்காலம் பாத்தேன். சொல்ல வாய் வரலை. உன் கட்டிலுக்கு அடியில போட்டதும் நான்தான்."

அவள் பதிவேட்டை மூடி வைத்தாள். அவள் கத்துவாள், கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"நான் பாத்தேனே அண்ணி" என்றாள். "அன்னிக்குக் காலைல பூட்டிட்டுச் சாவியை நீங்க பையில போட்டதை நான் பாத்தேன். அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன். பையில கை விட்டுப் பாருங்கன்னு. அஞ்சு தடவையும் நீங்க சொல்ல விடலை."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"அப்புறம் என் கட்டிலுக்கு அடியிலேயே கிடைச்சிச்சு. அப்போ நான்தான் இல்லாததைப் பாத்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னிலேருந்து எதைப் பாத்தாலும் ரெண்டு தடவை பாப்பேன். ரெண்டு தடவை பாத்தும் நம்ப மாட்டேன்." பதினாலாம் ஜாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ நான் அன்னிக்குப் பாத்தது சரிதானா?"

"சரிதான்."

"முட்டியும் சரி, சாவியும் சரி?"

"ரெண்டும் சரிதான். உன் கண்ணுல ஒரு குறையும் இல்லை."

வகுப்புக்கு மணி அடித்தது. போய்விட்டாள். வாசலில் நின்று திட்டுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

நான்கு நாள் பேசவில்லை. வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "நானும் அவளை அந்தச் சாவியைச் சொல்லி எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வேண்டியதுதான்.

ஐந்தாம் நாள் காலை, கையுறை மாட்டிக்கொண்டு ஒரு தோள்மூட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டாள் யாரோ போனில் என்று. தோளைத் தொட்டியில் விட்டேன், கையுறையைக் கழற்றினேன், ஓடினேன்.

"சொல்லு" என்றேன், மூச்சு வாங்க.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள். "சொல்ல விடறீங்களான்னு பாத்தேன்."

வைத்துவிட்டாள். நான் திரும்பிப் போய், தோளை எடுப்பதற்கு முன்னால், பதிவேட்டை எடுத்து அன்றைய தேதியின் ஓரத்தில் எழுதினேன்: 'போன் ஒரு முறை. கேட்டேன்.'